கரிச்சான் எடுத்த கணக்கு

மிருகங்களும் பறவைகளும் நம்மைப் போலவே வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஒரு மலைக்காட்டுக்கு யானை தலைவியாக இருந்தாள். வருடத்துக்கு ஒருமுறை காட்டில் உள்ள ஒவ்வொருவரும் ஒரு கல்லைக் கொண்டுவந்து குழியில் போட வேண்டும். குழி நிறைந்தால் காடு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். கல்லைத் தூக்க முடியாத பூச்சி பொட்டுகள் கணக்கிலேயே இல்லை. அதுகளை யார் கேட்டார்கள்?

ஒரு வருடம் பன்றிகள் ஏகத்துக்கும் குட்டி போட்டதில் குழி நிறைந்து வழிந்தது. யானைக்குப் பெருமை தாங்கவில்லை.

அப்போது இருவாச்சிப் பறவை ஒன்று வந்து நின்றது. "தாயே, என் பெண்டாட்டி குஞ்சோடு மரப்பொந்துக்குள் அடைந்து கிடக்கிறாள். நான் பழம் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் உண்டு. அத்தியோ பழுக்காமல் பிஞ்சாகவே உதிர்கிறது. இருக்கிற நாவல்பழமும் தீர்ந்துவிட்டால் குஞ்சு பிழைக்காது."

"குழியைப் பார்த்தாயா? ஒரு குறையும் இல்லையே" என்றாள் யானை.

பக்கத்துக் கிளையில் இருந்த கரிச்சான் குருவிக்கு வாய் சும்மா இருக்காது. "கல் குறையவில்லை, அம்மா. ஆனால் யார் குறைந்தார்கள் என்று கல் சொல்லுமா?"

"அவ்வளவு தெரிந்தவன் நீயே போய்ப் பார்த்து வா" என்றாள் யானை எரிச்சலோடு.

கரிச்சான் மரம் மரமாகப் போய், ஒவ்வொருவர் குரலிலும் கூப்பிட்டுப் பார்த்தது. தவளை, அணில், சில்வண்டு எல்லாம் பதில் கொடுத்தன. அத்தி மரத்தில் மட்டும், குளவியைப் போல் ரீங்கரித்துப் பார்த்ததற்குப் பதில் இல்லை. கடுகளவுதான் அந்தக் குளவி. அது பிஞ்சுக்குள் நுழையாவிட்டால் அத்தி பழுக்காது. அவை குடியிருந்த இன்னொரு அத்தி மரத்தை, குழிக்கு இடம் போதவில்லை என்று போன வருடம் யானைதான் சாய்த்திருந்தாள்.

கரிச்சான் திரும்பி வந்து இதைச் சொல்லக் கேட்டதும் யானைக்குத் தலை கவிழ்ந்தது. "தப்பு என்னுடையது. வெட்கமாக இருக்கிறது. இப்போது என்ன செய்யலாம்?"

கரிச்சான் அடுத்த மலைக்குப் பறந்தது. ரீங்கரித்து ரீங்கரித்துத் தொண்டை வறண்ட பிறகு, ஒரு மரத்தில் மெல்லிய பதில் கேட்டது. குளவிகள் உள்ளிருந்த அத்திப்பழத்தைக் காம்போடு கவ்விக்கொண்டு திரும்பியது. கடைசி நாவல்பழம் தீர்வதற்குள் அத்தி பழுத்தது, குஞ்சு பிழைத்தது. யானை தன் காலாலேயே குழியை மூடிவிட்டு, "இனி கணக்கு உன் பொறுப்பு" என்றாள்.

அன்றைக்கு ஏற்றுக்கொண்ட பொறுப்பைக் கரிச்சான் இன்னும் இறக்கி வைக்கவில்லை. விடியுமுன் எழுந்து குயிலாகவும் கிளியாகவும் தவளையாகவும் மாறி மாறிக் குரல் கொடுக்கிறது. கேலி செய்கிறது என்று நாம் சிரிக்கிறோம். அது ஆள் விடாமல் கூப்பிடுகிறது. பதில் வராத குரலை மட்டும், வரும்வரை திரும்பத் திரும்பக் கூப்பிடுகிறது.