ஆறாவது எழுத்துக்கு நட்டு இல்லை

சிலம்பன்மலை அடிவாரத்துத் தகரக் கொட்டகையில், கார்களுக்கு அடியில் கிரீஸ் மசையோடு மல்லாந்து கிடந்தே வயதான மெக்கானிக் மயிலேறும்பெருமாள். மலைமேல் முருகன் இருந்தான். இவர் ஒரு நாளும் மேலே போனதில்லை. "இந்த மசைக் கையோட அவன் வாசலை மிதிக்கதா?" என்பார்.

கும்பிடு எல்லாம் வேலையில்தான். சக்கரம் மாட்டும்போது நட்டுக்கு ஓர் எழுத்தாக "ச, ர, வ, ண, ப" என்று இறுக்குவார். நட்டு ஐந்துதான். மிச்சம் நிற்கும் கடைசி "வ"வுக்கு மறுபடி முதல் நட்டுக்கே வந்து ஓர் இழுப்பு இழுப்பார்.

"அஞ்சு நட்டுக்கு ஆறு எழுத்தா? உம்ம முருகனுக்குக் கணக்கு வராது போலுக்கே வே!" என்று கோயில் மணியக்காரர் ஆவுடைநாயகம் ஊர் கேட்கச் சிரிப்பார். காரில் ஏறிப் போகிறவருக்குக் காருக்கு அடியில் கிடப்பவரைக் கண்டால் இளக்காரம்தான்.

கார்த்திகை அன்று காலை கோயிலின் பழைய கார் வந்து நின்றது. பிரேக் ஒரு வாரமாகக் கிரீச்சிட்டது என்று டிரைவர் அதற்குத் தேங்காய் எண்ணெய் விட்டிருந்தார். சத்தம் அடங்கிற்று. பிரேக்கும் அடங்கிற்று.

"பிரேக்குக்கு எண்ணெய் விடுதது அடுப்புல தண்ணி ஊத்துத மாதிரிலா, மூதி!" என்று மயிலேறியார் திட்டிக்கொண்டே நாலு சக்கரத்தையும் கழற்றினார். லைனர் மாற்றினார். ஒழுகிய குழாயை அடைத்தார். இறுகிக் கிடந்த கைப்பிரேக்கை இளக்கினார்.

மணியக்காரர் நகைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு துடித்தார். "அபிஷேகத்துக்கு நாழியாச்சு, போதும் வே!" கடைசிச் சக்கரத்தில் "ப" முடிந்ததுதான் தாமதம், ஜாக்கியை இறக்கிக் காரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்கள்.

மயிலேறியாருக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தார், எழுந்தார். ஸ்பானரை எடுத்தார், வைத்தார். புதிதாக மாட்டிய சக்கரம் ஓட ஓட அமரும். அமர்ந்தால் நட்டு இளகும். ஏறுவது மெள்ள ஏறிவிடும். இறங்கும்போது? படி ஏற முடியாத கிழங்களை ஏற்றி இறக்குகிற கார் அது.

ஸ்பானரோடு படியில் ஓடினார். எழுநூறு படி. முழங்கால் கெஞ்சியது. கேட்கவில்லை.

மேலே, காலைத் தரிசனம் முடித்த மூன்று கிழவிகளோடு கார் உறுமிக்கொண்டிருந்தது. மறித்து நின்றார்.

"கிறுக்கு முத்திட்டா? விலகும் வே!" என்றார் மணியக்காரர்.

"ஒரு எழுத்து பாக்கி இருக்கு அய்யா."

குனிந்து, கடைசியாக மாட்டிய சக்கரத்தின் முதல் நட்டைத் தொட்டார். விரலோடு வந்தது. மற்ற நான்கும் ஆடின. கிழவிகள் அலறி இறங்கினார்கள். டிரைவருக்கு வேர்த்துவிட்டது. இந்தச் சக்கரம் பன்னிரண்டு வளைவை எப்படி ஏறி வந்தது?

அப்போதுதான் குருக்கள் உள்ளேயிருந்து ஓடிவந்தார். "சாத்தின நடையை இப்பத்தான் தொறந்தேன். சுவாமி உள்ளங்கை எல்லாம் மசை! பால் விட்டும் போகலையே!"

நம்பாதவர் நம்பாமலே போகட்டும். சிரித்த மணியக்காரர் அன்று சிரிக்கவில்லை. மயிலேறியாரின் கறுத்த கையைப் பிடித்தார். "உள்ள வாரும் வே. உம்ம கைதான் முன்னாலயே போயிருக்கே."

வாசலில் தயங்கித் தயங்கி உள்ளே போன மயிலேறியார் அந்த உள்ளங்கையைப் பார்த்தார்.

"மண்ணெண்ணெய் விட்டா போயிரும் சாமி... கொஞ்சம் பொறுத்துத் தொடைங்க. நான் பாக்கி வச்ச நட்டைப் பிடிச்சுட்டு வந்த கை."

வேலையை முடிக்காமல் உட்காரத் தெரியாத அந்த அடியாரின் மசைக் கைக்கு நம் கும்பிடு.