பீரோ மேல் இருந்த பை

புதிர் போடுகிறவர்கள் வழக்கமாக ஒரு பரிசையும் அதற்கு உரிமை கொண்டாடும் மூவரையும் கொண்டுவருவார்கள். என்னிடம் பரிசு இல்லை, பழிதான் இருக்கிறது. மூவரும் அதைத் தட்டிக் கழிக்கிறார்கள். அவர்களில் ஒருவர் சொன்னது பொய். காதைத் தீட்டிக்கொண்டு படிப்பவர்களுக்கு அது யாரென்று தெரிந்துவிடும்.

தென்காசியில் பாத்திரக் கடையொன்றில் பில் போடுகிறவள் சண்முகவடிவு. கணவன் ஆவுடையப்பன் மரக்கடையில் வேலை பார்க்கிறான். பெரிய அறை ஒன்றைப் பலகையால் தடுத்து இரண்டாக்கிய வாடகை வீடு. தடுப்புக்கு இந்தப் பக்கம் இவர்கள் கட்டில், அந்தப் பக்கம் மாமியார் கட்டில். கல்யாணமான நாளிலிருந்து இதே ஏற்பாடுதான்.

முப்பத்தெட்டு வயதில் வடிவுக்குக் கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் வந்தது. திருநெல்வேலியில் கதிர்வீச்சு கொடுத்தார்கள். அந்த நாட்களில் அவளுடைய வாந்திச் சட்டியை முகம் சுளிக்காமல் ஏந்தியவன் ஆவுடையப்பன். துணைக்கு இருந்தவள் அவனுடைய அக்கா செண்பகம். ஆவணியில் வடிவு வீடு திரும்பியதும் செண்பகம் கடையநல்லூருக்குப் போய்விட்டாள். அதன்பின் போனில் நலம் விசாரிப்பதோடு சரி.

கார்த்திகையில் டாக்டர், “ரத்தப்போக்கு இல்லையே? இனி நீங்கள் சேர்ந்திருக்கலாம்” என்றார். வேறொன்றும் கேட்கவில்லை.

சேர்ந்தார்கள். பச்சைப் புண்ணில் உப்புத்தாளைத் தேய்த்ததுபோல் இருந்தது வடிவுக்கு. அவளையும் மீறி ஒரு முனகல் வந்தது.

“வலிக்கா?”

“இல்லங்க.”

உயிரோடு மீட்டுக் கொண்டுவந்தவனிடம் இதையும் எப்படிச் சொல்வது என்று நினைத்தாள். அடுத்தடுத்த முறைகளில் தலையணை நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டாள். அவனும் ஒவ்வொரு முறையும் கேட்டான். அவளும் ஒவ்வொரு முறையும் இல்லை என்றாள்.

மார்கழியில் அவளுக்குத் தும்மல் பிடித்தது. கூட வேலை பார்க்கும் பர்வீன் சிரித்தாள்.

“என்னக்கா, குத்தாலத்துல குளிச்சுட்டு நேரா கடைக்கு வாரியா?”

“இவுகளுக்குச் சில நாளு புழுங்குதாம். ஃபேனை அஞ்சுல வைக்காக. எங்க வீட்டு ஃபேன் ரெண்டைத் தாண்டுனதே கிடையாது. இப்போ தகரத்துல கல்லு உருட்டுன மாதிரி கடகடங்கு.”

“மார்கழியிலயா? உங்க வீட்டுக்காரர் பனிக்கரடியா என்ன?”

இருவரும் சிரித்தார்கள். வடிவு மறுபடி தும்மினாள்.

தை மாதப் பரிசோதனையில்தான், கதிர்வீச்சு நாட்களில் கவனித்துக்கொண்ட ரோஸ்லின் சிஸ்டரை மறுபடி பார்த்தாள். பேறுகால விடுப்பு முடிந்து அன்றுதான் அவர் வேலைக்கு வந்திருந்தார்.

“குழல் பழக்கம் எப்படிப் போகுது? அடுத்த அளவுக்கு வந்துட்டீங்களா?”

“என்ன குழல், சிஸ்டர்?”

ரோஸ்லின் கதவைச் சாத்திவிட்டு வந்து, வடிவு படும் வலியைக் கேட்டுத் தெரிந்துகொண்டு விளக்கினார். கதிர்வீச்சுக்குப் பிறகு உள்ளே வறண்டு, சுருங்கி, ஒட்டிக்கொள்ளும். அதைத் தடுக்க, விரல் பருமனில் தொடங்கிப் படிப்படியாகப் பெரிதாகும் வழுவழுப்பான குழல்கள் உண்டு. அவற்றைத் தடவிப் பயன்படுத்த ஒரு ஜெல் உண்டு. வீட்டிலேயே, நிதானமாக, தனியாகவே பழகலாம். “வலியைப் பொறுத்துக்கிட்டுச் சேரணும்னு எந்தச் சட்டமும் இல்லைம்மா. டாக்டரம்மா இன்னிக்கு ஒருதடவை பார்க்கட்டும். இப்ப ஆரம்பிச்சாலும் பலன் இருக்கும்.”

“அப்பவே ஏன் எங்கிட்ட சொல்லல?”

“நீங்க அரைமயக்கத்துல கிடந்தீங்க. வீட்டுக்காரரையும் நாத்தனாரையும் சேர்த்து நிக்க வெச்சுச் சொல்லி, பையைக் கையில கொடுத்தேன். கூட இருக்கிறவங்ககிட்ட சொல்றதுதானே இங்க வழக்கம். இவ்வளவு வலியில இருந்தீங்கன்னு சத்தியமா எனக்குத் தெரியாது.”

வடிவு வீட்டுக்கு வந்து பீரோ மேல் துழாவினாள். பழைய போர்வைக்குப் பின்னால் பை இருந்தது. முடிச்சுகூட அவிழ்க்கப்படவில்லை. செண்பகத்தைப் போனில் அழைத்து வலியைச் சொன்னாள்.

“அதைக் கையில வாங்குனதுமே எனக்குக் கூசிப்போச்சு, வடிவு. மேல வெச்சுட்டு, பொறவு தம்பியே சொல்லிக்கிடட்டும்னு விட்டுட்டேன். வலிக்குதுன்னு நீ ஒரு வார்த்தை சொல்லிருந்தா அன்னிக்கே ஓடிவந்திருப்பேனே. எனக்கு எப்படித் தெரியும்?”

ஆவுடையப்பன் வேலை முடிந்து வந்தான். கட்டில்மேல் இருந்த பையைப் பார்த்து நின்றுவிட்டான்.

“அக்கா சொல்லிருப்பான்னு நெனைச்சேன்” என்றான். வடிவு வலியைச் சொன்னதும் குரல் உயர்ந்தது. “ஒவ்வொரு தடவையும் கேட்டேன்லா? இல்லைன்னுதானே சொன்ன? வலின்னு தெரிஞ்சிருந்தா தொட்டிருப்பேனாட்டீ? என்னையப் பாவியாக்கினது நீதான்!”

ஒரு கணம் வடிவு அவனிடம் மன்னிப்புக் கேட்கவே வாயெடுத்தாள். அப்படியே நிறுத்திக்கொண்டாள்.

மூவருக்கும் வழி தெரியும். வலி தெரியாது என்று மூவரும் சொல்கிறார்கள். இதில் பொய் சொன்னவர் யார்? எதைக் கொண்டு சொல்கிறீர்கள்?

விடை: ரோஸ்லின் விடுப்பில் இருந்தார், செண்பகம் கடையநல்லூரில் இருந்தாள். நோயாளியை விட்டுவிட்டு உறவுக்காரர்களிடம் சொன்னது ஒருவர் பிழை, வெட்கப்பட்டு ஒளித்தது இன்னொருவர் பிழை. வலி தெரியாது என்று அவர்கள் சொன்னது மெய். பொய் ஆவுடையப்பனுடையது. பலகைக்கு அப்பால் தாய் படுத்திருந்த அத்தனை வருடமும் இரண்டைத் தாண்டாத விசிறி, மனைவி வாய்திறந்து முனகிய பிறகு, அதுவும் மார்கழிக் குளிரில், அவர்கள் சேர்ந்த இரவுகளில் மட்டும் ஐந்துக்குப் போனது ஏன்? வாய்ப்பேச்சில் வந்த ‘இல்லை’யை அவன் நம்பவில்லை என்பதற்கு அந்தக் கடகடப்பே சாட்சி. வடிவும் இந்த விடைக்குத்தான் வந்துசேர்ந்தாள். எழுந்து போய், ஓடிக்கொண்டிருந்த விசிறியை நிறுத்தினாள்.

“ஏட்டீ, ஃபேனைப் போடு. அம்மாவுக்குக் கேக்கும்” என்றான் அவன்.

“என்னது கேக்கும்?” என்றாள் வடிவு.