உறக்கி கரைந்த மழை

அந்தக் காலத்தில் விதைகள் பேசும். பொறுமைதான் கிடையாது. ஒரு தூறல் விழுந்தாலே முளைத்துவிடும்.

கரிசல் காட்டில் காடாயி என்பவள் தன் மகள் சடைச்சியோடு வாழ்ந்துவந்தாள். இரண்டு வருஷமாகக் கோடைமழையை நம்பி முளைத்த சோளமெல்லாம் வெயிலில் கருகிப்போயிருந்தது. மிச்சம் ஒரு கைப்பிடி. அதைப் புழுதியில் விதைத்தபோது காடாயி சொன்னாள்:

"கஞ்சிக்குக்கூடப் போடாம உங்கள வச்சிருந்தேன். இந்தத் தடவையும் அவசரப்பட்டீங்கன்னா நீங்களும் இல்ல, நாங்களும் இல்ல."

ஒவ்வொரு விதைக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத ஆயிரமாயிரம் அறைகள். அவற்றைப் பார்த்துக்கொள்ள அக்காளும் தங்கையும் இருந்தார்கள். அக்காள் உறக்கி, அறைகளைத் தூங்கவைப்பவள். தங்கை எழுப்பி, தட்டி எழுப்புகிறவள். ஈரம் பட்டதும் அக்காள் விலகி வழிவிடுவது வழக்கம்.

சித்திரையில் ஒரு பாட்டம் மழை பெய்தது. எல்லா விதைகளிலும் உறக்கிகள் விலகினார்கள். ஒரே ஒரு விதையில் மட்டும், காடாயி சொன்னதை மனசில் வைத்திருந்த உறக்கி, வாசலை மறித்து உட்கார்ந்துகொண்டாள்.

"அக்கா, மழை! வழி விடு."

"மண்ணு எவ்வளவு நனைஞ்சிருக்கு?"

"மேல்மண் நல்லா நனைஞ்சிருக்கு."

"வேர் போற ஆழம்?"

எழுப்பி கீழே எட்டிப் பார்த்தாள். அங்கே இன்னும் புழுதிதான்.

முளைத்ததெல்லாம் எட்டே நாளில் கருகியது. தாயும் மகளும் காட்டுக்கீரையைத் தின்று ஆறு மாதம் ஓட்டினார்கள். ஐப்பசியில் அடைமழை பிடித்தது. அப்போது விதைக்க அவர்களிடம் ஒரு மணிகூட இல்லை.

மண்ணுக்குள் கிடந்த அந்த ஒற்றை விதையில் தண்ணீர் புகுந்தது. உறக்கியின் விரல்கள் கரையத் தொடங்கின.

"அக்கா, கரையுறியே! எந்திரிச்சு ஓடிப்போயிடு!" என்று எழுப்பி கதறினாள்.

"நான் ஓடிட்டா இது பொய் மழையா மெய் மழையான்னு உனக்கு எப்படித் தெரியும்? என்னை முழுசாக் கரைக்கிற மழைதான் உன் வேருக்குப் போதுமான மழை. அதுவரைக்கும் பொறு."

மூன்றாம் நாள் வாசலில் யாரும் இல்லை.

எழுப்பி அழுதுகொண்டே அறை அறையாக ஓடித் தட்டினாள். விதைக்குள் மாவு சேர்த்துவைத்திருந்த களஞ்சியத்தைச் சுற்றியிருந்த அறைகள் விழித்துக் கதவைத் திறந்தன. கல்லாய் இறுகிக் கிடந்த மாவு இளகித் தித்திப்பானது. அதைக் குடித்து மற்ற அறைகள் பருத்தன. தோலைப் பிளந்துகொண்டு வேர் ஆழத்துக்குப் போனது.

மழை விட்டதும் காடாயி மகளோடு ஊரைவிட்டுப் புறப்பட்டாள். தாங்கள் விதைத்த காட்டைத் தாண்டும்போது சடைச்சி அலறினாள்.

"அம்மா, காலை எடு! மிதிச்சிடாத!"

காலடியில் ஒரு பச்சை. காடாயி அப்படியே மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டாள். இருவரும் அங்கேயே குடிசை போட்டு, ஆடு மாடு அண்டாமல் அந்த ஒற்றைப் பயிரைக் காத்தார்கள். தையில் கதிர் முற்றியது. ஆயிரம் மணிக்கு மேல் இருந்தது. ஒவ்வொரு மணிக்குள்ளும் கரைந்துபோனவளின் மகள் ஒருத்தி வாசலை மறித்து உட்கார்ந்திருந்தாள்.

அன்று தொட்டுத்தான் விதை ஒரு தூறலுக்கு ஏமாறுவதில்லை. உள்ளே காவல் இருப்பவள் கரைந்து தீர்ந்த பிறகே அது கண் விழிக்கிறது. விழித்ததும் முதல் காரியமாக வேரைக் கீழே அனுப்புகிறது. பச்சை அப்புறம்தான் மேலே வருகிறது.