முள்ளிப்பாறை ஜீப்பின் வயர்லெஸ்

“யாரு குரலும் கேக்கலம்மா. என்ஜினைப் போட்டா ஒரே இரைச்சல். ஆக்சிலேட்டரை மிதிச்சா அதுவும் சேர்ந்து கத்துது!”

ஜீப்பிலிருந்து இறங்கும்போதே மாசிலாமணி சொன்னார்.

அவருக்கு ஐம்பத்து நான்கு வயது. முள்ளிப்பாறை மலைக்கிராமத்துக்கு இருப்பது அவருடைய ஜீப் ஒன்றுதான். அங்கே செல்போன் எடுக்காது. மழை பிடிப்பதற்குள் கிராமத்து நர்ஸிடம் ஒரு வயர்லெஸ் செட்டும், ஜீப்பில் ஒன்றும் வைத்துவிட வேண்டும் என்று முடிவாகியிருந்தது. ஜீப்பில் வைத்ததுதான் இப்படிக் கத்தியது.

மலையடிவாரத்தில் வண்டிகளுக்கு ஒயரிங் செய்கிறவள் சபுரா. அவரைவிட இருபது வயது சின்னவள்.

“நான் பண்ணித் தரவா, நீங்களே கத்துக்கறீங்களா?”

“கத்துக்கறேன். மேல போய் ரிப்பேரானா நான் யாரைத் தேடுவேன்?”

அவள் பானெட்டைத் தூக்கினாள்.

“கரண்ட் எங்கேருந்து எடுத்தீங்க?”

“ஹார்ன் ஒயர்லேருந்து. கைக்கு எட்டுற மாதிரி இருந்துச்சு.”

சபுரா அந்த ஒயரை விரலால் தொட்டுக்கொண்டே போனாள். ஹார்ன். வைப்பர். லைட். எல்லாம் ஒரே கட்டில் போய்ச் சேர்ந்தன.

“இத்தனை பேர் பேசுற இடத்துல போய் உக்காந்துக்கிட்டு, இரைச்சலா இருக்குங்கறீங்களே அண்ணே.”

மாசிலாமணி அந்தக் கட்டைப் பார்த்தார். பிறகு பேட்டரியைப் பார்த்தார்.

“அப்ப நேரா இங்கேருந்தேவா?”

சிவப்பும் கறுப்புமாய் இரண்டு தடித்த ஒயர்களை அவர் கையில் கொடுத்தாள்.

இரண்டையும் அவரே இழுத்தார். பேட்டரியை ஒட்டினாற்போல் சிவப்பு ஒயரை நறுக்கி, அங்கே ஒரு ஃபியூஸ் வைக்கச் சொன்னாள் சபுரா.

“செட்டுலயே ஃபியூஸ் இருக்கேம்மா?”

அவள் ஒரு துண்டு ஒயரைக் குறடால் பிடித்து, பழைய பேட்டரி ஒன்றின் இரு முனைகளிலும் வைத்தாள்.

பொறி பறந்தது. ஒயர் சிவந்து, உறை உருகிப் புகைந்தது. மாசிலாமணி துள்ளிப் பின்வாங்கினார்.

“செட்டுல இருக்கறது செட்டைக் காப்பாத்தும். அதுவரைக்கும் போற ஒயரை?”

அவர் ஃபியூஸை வைத்தார்.

சாவியைத் திருப்பினார். என்ஜின் உறுமியது. செட்டில் விளக்கு எரிந்தது. ஆக்சிலேட்டரை மிதித்தார். மறுபடி மிதித்தார்.

செட்டிலிருந்து ஒரு சத்தமும் இல்லை.

“போச்சும்மா! இரைச்சல் போயே போச்சு!”

மைக்கை எடுத்துப் பட்டனை அமுக்கினார்.

“முள்ளிப்பாறை! முள்ளிப்பாறை! மாசிலாமணி பேசறேன்! கேக்குதா சிஸ்டர்? நானே போட்டேன் சிஸ்டர்! நேரா பேட்டரியிலேருந்து! சிவப்புல ஃபியூஸ், கறுப்பு தனியா! இனி ராத்திரி பகல் எப்ப வேணா கூப்பிடுங்க! மழையாவது, மண்ணு சரியறதாவது! ஒரு குரல் குடுத்தா போதும், நான் அங்க நிப்பேன்! கேக்குதா? பேசுங்க சிஸ்டர், பேசுங்க!”

அவர் கண் கலங்கியிருந்தது. மைக் இன்னும் வாயருகே இருந்தது.

“பதிலே வரலையேம்மா. எங்க தப்பு பண்ணேன்?”

சபுரா ஜீப்புக்குள் குனிந்தாள். பட்டனை அழுத்திக்கொண்டிருந்த அவர் கட்டைவிரலைப் பிடித்துத் தூக்கினாள். செட்டிலிருந்து நர்ஸின் குரல் வெடித்தது.

“…கையை எடுங்கண்ணே! அமுக்கிக்கிட்டே இருந்தா நான் பேசறது எப்படிக் கேக்கும்? பூவழகிக்குப் பனிக்குடம் உடைஞ்சிருச்சு! எத்தனை தடவை கூப்பிடறது? வர்றீங்களா இல்லையா?”

சபுரா ஓடிப்போய் பானெட்டை அறைந்து மூடினாள்.

மாசிலாமணி பட்டனை அமுக்கினார்.

“வர்றேன்.”

கையை எடுத்தார்.