நூறு ஆகும் வரை

மாசிலாமணி லால்குடிப் பக்கம் அரிசி ஆலை நடத்தியவர். அறுபதைத் தாண்டியதும் ஆலையை மகனிடம் கொடுத்துவிட்டு, சாந்தநாயகி அம்மையிடம் சீடராகச் சேர்ந்தார். அம்மை அவரைவிட வயதில் மிகவும் இளையவர். இருந்தாலும் அவர் "அம்மா" என்றுதான் கூப்பிடுவார். அம்மை அவரை "ஐயா" என்பார்.

ஆலையை விட்டார், வெற்றிலையை விட்டார், கோபத்தைக்கூடப் பெரும்பாலும் விட்டுவிட்டார். மச்சான் கனகசபை மேல் இருந்த வன்மத்தை மட்டும் விட முடியவில்லை.

மாசிலாமணி கரண்டில் ஓடும் கார் வாங்கிய புதிதில், ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் கனகசபை சொன்னார்: "மாடு வாங்கினாக்கூட மேய விட்டுட்டு நாம வேற வேலை பார்க்கலாம். மச்சான் வாங்கியிருக்கிறது மேயுற வரைக்கும் பக்கத்துலயே நிக்கணும்."

பந்தியே சிரித்தது. மாசிலாமணியும் சிரித்துவைத்தார். பாயசம் உள்ளே இறங்கவில்லை.

ஒரு நாள் அம்மைக்கு மதுரையில் மாலை சத்சங்கம். மாசிலாமணி தம் காரிலேயே அழைத்துப் போனார். துவரங்குறிச்சி தாண்டி, சாலையோர ஓட்டலுக்குப் பக்கத்தில் புதிதாக ஓர் அதிவேக சார்ஜர் வைத்திருந்தார்கள். அரை மணிக்குள் முழுசும் ஏறிவிடும் என்று பலகை சொன்னது. மதுரைக்குப் போக வண்டியில் இருந்ததே போதும். ஆனாலும் நிறுத்தினார்.

"எதுக்கும் நிரப்பிக்கலாம்மா" என்றார்.

எதற்கு என்பது அவருக்குத்தான் தெரியும். நூறு என்று காட்டும்போது, எடுத்துக்கொண்ட நேரமும் அதே திரையில் தெரியும். அதைப் போட்டோ எடுத்துக் கனகசபைக்கு அனுப்ப வேண்டும். அனுப்பப்போவதாகக் காலையிலேயே போனில் சொல்லியும் இருந்தார்.

அம்மை பக்கத்து வேப்பமர நிழலில் பெஞ்சில் உட்கார்ந்தார். மாசிலாமணி மிஷினுக்கும் பெஞ்சுக்கும் நடுவில் நின்றார். எண்பது வரைக்கும் எண்கள் ஓடி ஏறின. அதற்குப் பிறகு, வயிறு நிறைந்த பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிற கதையாகிவிட்டது.

"அம்மா, ஒரு சந்தேகம்."

"கேளுங்க."

"இதைவிட வேகமா, அஞ்சு நிமிஷத்துல ஏத்துற மிஷினெல்லாம் வரப்போகுதாம். அப்புறம் வழியில காத்துக் கிடக்கிற வேலையே இருக்காது. மிச்சமாகிற நேரத்தை மனுஷன் தியானத்துக்கு வச்சுக்கலாம் இல்லையா?"

"இந்த நேரத்தை என்ன பண்றீங்க?"

"பார்த்துக்கிட்டு நிக்கிறேன்."

"எதை?"

"எவ்வளவு ஏறியிருக்குன்னு."

அம்மை சிரித்தார். மாசிலாமணிக்கும் சிரிப்பு வந்தது. அந்த நேரத்தில் ஒரு வாடகைக் கார் மெதுவாக, உருட்டிக்கொண்டு வருகிற மாதிரி வந்து, மிஷினின் மறுபக்கம் நின்றது. அதுவும் கரண்ட் வண்டிதான்.

ஓட்டுநர் இறங்கி வந்தார். முப்பது வயது இருக்கும். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது.

"ஐயா, உங்க வண்டியா இது? எண்பத்தெட்டு ஆயிருச்சே. கொஞ்சம் கழட்டிக்கிறீங்களா?"

"அந்தப் பக்கம் வயரோட இன்னொரு சார்ஜர் கன் சும்மாதானே இருக்கு தம்பி. அதை மாட்டிக்க."

"ரெண்டையும் மாட்டினா மிஷின் பாதிப் பாதியாத்தான் கொடுக்கும் ஐயா. வர்ற வழியில ஒரு மிஷினை நம்பி வந்தேன், அது கெட்டுக் கிடக்கு. இப்ப என் வண்டியில ஒண்ணுமே இல்ல." குரலைத் தாழ்த்தினார். "உள்ள இருக்கிற அக்காவோட அத்தா, அவங்க அப்பா, காலையில மவுத்தாயிட்டாரு. மேலூரு. மதியம் லுஹர் தொழுகை முடிஞ்சதும் எடுத்துருவாங்க. அதுக்குள்ள முகத்தைப் பார்த்தாகணும்."

மாசிலாமணி திரையைப் பார்த்தார். இன்னும் கொஞ்சம்தான். இப்போது கழற்றினால் போட்டோ இல்லை. போட்டோ இல்லையென்றால் கனகசபை என்ன சொல்வார், எந்த முகத்தோடு சொல்வார் என்பது வரைக்கும் கண்முன் வந்தது. வாய் அவரைக் கேட்காமலே பேசியது.

"எங்களுக்கும் அவசரம்தான் தம்பி. அம்மாவுக்கு நெஞ்சுவலி. மதுரைக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறேன்."

ஓட்டுநர் பெஞ்சைப் பார்த்தார். "தெரியாமக் கேட்டுட்டேன், மன்னிச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போய் அடுத்த கன்னை மாட்டினார்.

மாசிலாமணி திரும்பவில்லை. வேப்பமரம் ஒன்றும் தூரத்தில் இல்லை. அம்மை கேட்டிருப்பார் என்று அவருக்குத் தெரியும். பிடரி சுட்டது. வெயில்தான் என்று நினைத்துக்கொண்டார்.

வாடகைக் காரின் கதவு திறந்தது. முக்காடிட்ட ஒரு பெண் இறங்கினாள். அழுது அழுது கண் வீங்கியிருந்தது. கையில் தண்ணீர் பாட்டிலோடு நேராக வேப்பமரத்துக்கு வந்து, அம்மை பக்கத்தில் உட்கார்ந்து, முதுகில் கை வைத்தாள்.

"எந்தப் பக்கம்மா வலிக்குது?"

"எனக்கு ஒரு வலியும் இல்லம்மா. நல்லாத்தான் இருக்கேன். நீங்க உங்க அத்தாவைப் போய்ப் பாருங்க."

"எங்க அத்தாவும் இப்படித்தான். நேத்து ராத்திரி போன்லகூட, ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னுதான் சொன்னாங்க."

அவள் பாட்டிலைத் திறந்து அம்மையின் கையில் கொடுத்தாள். பிறகு ஓட்டுநரைக் கூப்பிட்டாள்.

"தம்பி, நம்ம கன்னைக் கழட்டிருங்க. இருக்கிற கரண்டெல்லாம் அவங்க வண்டிக்கே போகட்டும்."

"அக்கா, அப்புறம் அங்க எடுத்துருவாங்கக்கா."

"அத்தா போயிட்டாங்க தம்பி. இவங்க இருக்காங்கல்ல."

ஓட்டுநர் மணியைப் பார்த்தார். அப்புறம் கழற்றினார்.

மாசிலாமணி திரையைப் பார்த்தார். மொத்தக் கரண்டும் இப்போது அவருக்குத்தான். ஆனால் வண்டி கூடுதலாக ஒரு சொட்டுக் குடிக்கவில்லை. எண்பத்தொன்பதில் நின்றது நின்றபடியே இருந்தது. நிறைந்த வண்டிக்கு மிஷின் எவ்வளவு கொடுத்தால் என்ன, அது தன் இஷ்டத்துக்குத்தான் வாங்கும்.

அவர் பெஞ்சருகே போய்க் குனிந்தார். அந்தப் பெண் முகத்தை மூடிக்கொண்டு துஆ ஓதிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, வலி இல்லன்னு இன்னொரு தடவை அழுத்திச் சொல்லுங்கம்மா" என்றார் மெல்ல.

"சொன்னேனே ஐயா. அவங்க என்னை நம்பல. உங்களைத்தான் நம்புறாங்க."

மாசிலாமணி காருக்கு ஓடினார். ஏறுவதை நிறுத்தினால்தான் கன் கழன்று வரும். நிறுத்தும் பொத்தான் போனுக்குள் இருந்தது. விரல் வேர்த்து, தொட்ட இடமெல்லாம் தப்பாகப் பட்டது. ஒருவழியாக நின்றது. கன்னைப் பிடுங்கி மிஷினில் மாட்டிவிட்டு, ஓட்டுநரிடம், "சீக்கிரம் உன் வண்டியில மாட்டு" என்றார்.

"அப்ப அந்த அம்மா?"

அந்தப் பெண்ணும் நிமிர்ந்து பார்த்தாள்.

சொல்ல வேண்டியது ஒரே ஒரு வரிதான். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

"டாக்டர் பேசினாரு. வாயுவாத்தான் இருக்குமாம். சாயங்காலம் வந்தாப் போதும்னுட்டாரு."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாள் அந்தப் பெண். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஒற்றைக் கன்னில் வாடகைக் கார் ஆசையாகக் குடித்தது. மேலூருக்குப் போதும் என்றதும் ஓட்டுநர் கழற்றிவிட்டார். ஏதோ ஊர்ப் பள்ளிவாசலிலிருந்து மதியத் தொழுகைக்கான பாங்கு காற்றோடு வந்தது. அந்தப் பெண் வண்டிக்கு ஓடினாள். ஓடுகிற அவசரத்திலும் கண்ணாடியை இறக்கி மாசிலாமணியைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, அவங்களைத் தனியா விட்டுறாதீங்க. உங்க நல்ல மனசுக்கு அல்லாஹ் கூலி கொடுப்பான்."

வண்டி போய்விட்டது. மாசிலாமணி அது மறைந்த பிறகும் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பையில் போன் அடித்தது. கனகசபையின் பெயர் தெரிந்தது. எடுக்கவில்லை. பிறகு வந்து, பெஞ்சில் இடம் இருந்தும், மரத்தடி மண்ணில் உட்கார்ந்தார்.

"ரெண்டாவது தடவையும் பொய்தான் சொன்னேன்."

"ஆமா."

"முகத்தைப் பார்த்துருவாங்களாம்மா?"

"தெரியல ஐயா."

அவர் மண்ணைக் கிள்ளிக்கொண்டே இருந்தார். தலை நிமிரவில்லை.

"நீங்களாவது சொல்லியிருக்கலாம். இந்த ஆளு பொய் சொன்னான்னு அவங்க முன்னாடியே ஒரு வார்த்தை. செருப்பால அடிச்ச மாதிரி வாங்கிக்கிட்டு நின்னிருப்பேன். அந்த அடியாவது மிஞ்சியிருக்கும்."

அம்மை அந்தப் பெண் விட்டுப்போன பாட்டிலை மூடினார்.

"சொல்லியிருந்தா அவங்க உங்களை மன்னிச்சிருப்பாங்க ஐயா. அத்தாவைப் பறிகொடுத்த அன்னைக்கு, அந்த வேலையையும் அவங்க தலையில வைக்கணுமா?"