கோதண்டத்தின் மடங்கிய விரல்

அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். முழுக்கக் கேட்டுவிட்டுப் பேசுங்கள்.

ஒரு மருத்துவக் கல்லூரியில் சிந்துஜா என்றொரு ஆராய்ச்சி மாணவி. எலியின் நரம்புச் செல்களைத் தட்டுகளில் வளர்ப்பது அவள் ஆராய்ச்சி. மனசெல்லாம் என்னவோ டிசெக்‌ஷன் ஹாலில்தான். முதலாண்டுப் பிள்ளைகளுக்கு இறந்தவர் உடலைப் பிரித்துக் காட்டிப் பாடம் சொல்ல ஆரம்பித்தால் சோறு தண்ணி மறந்துவிடும் அவளுக்கு. ஆராய்ச்சியோ இழுத்துக்கொண்டே போனது. வழிகாட்டியான பேராசிரியர் இருதயராஜ் பொறுத்துப் பார்த்தார். கடைசியில், ஆய்வு முடியும்வரை அந்த ஹால் பக்கமே போகக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

அதற்கு முன்பே அவள் இன்னொருவருக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். உடல்தானம் எழுதிக்கொடுக்க வந்த தையல்காரர் கோதண்டம், நிமிராமல் மடங்கிப்போன தன் மோதிர விரலைக் காட்டி, "இது ஏன் இப்படி ஆச்சுன்னு பிள்ளைங்களுக்கு நீதாம்மா பிரிச்சுக் காட்டணும்" என்றார். அவள் சரியென்றாள். அவர் இறந்தார், உடலும் வந்தது.

அவர் கையைப் பிரிக்கும் நாளிலேதானா செல்களுக்கு மருந்து ஊற்றும் நாளும் வர வேண்டும்! காலையில் ஊற்றிய மருந்தை நடுப்பகலுக்குள் கழுவி எடுத்தாக வேண்டும்; தாமதித்தால் அதுவே செல்களைக் கொன்றுவிடும். மிச்சமிருந்தவை அந்தத் தட்டுகள் மட்டும்தான். கையோ, வேறு யாராவது பிரித்துவிட்டால் பிரித்ததுதான். பேராசிரியரிடம் கெஞ்சினாள். அவர் இறங்கி வந்தார்.

"போயிட்டு வா. நடுப்பகலுக்குள்ள இங்க இருக்கணும். இன்னைக்குத் தட்டு போச்சுன்னா உன் பேரையும் அடிச்சிடுவேன்."

போனாள். கோதண்டத்தின் உள்ளங்கையில் இறுகி, விரலை மடக்கி வைத்திருந்த பட்டையைப் பிரித்துக் காட்டினாள். பிள்ளைகள் வாய் பிளந்து பார்த்தார்கள். கிளம்பும்போது அடுத்த மேசைப் பிள்ளைகள், "அக்கா, எங்களுக்கும்" என்றார்கள். அங்கே போனாள். பிறகு அதற்கடுத்த மேசைக்கும்.

ஆய்வகத்தில் அவள் நண்பன் இர்ஃபான் நேரமாவதைப் பார்த்துப் பதறினான். ஒருவர் தட்டை இன்னொருவர் தொடக்கூடாது என்பது அங்கே கண்டிப்பான வழக்கம். போன்மேல் போன் போட்டான். ஹாலுக்குள் போன் கொண்டுபோக முடியாது. அது வெளியே அவள் பையில் கிடந்தது. எல்லாம் தெரிந்தும் அவள் தட்டுகளை அவன் தொடவில்லை.

அவள் திரும்பி வந்தபோது செல்கள் செத்திருந்தன. பேராசிரியர் சொன்னபடியே பெயரை அடித்துவிட்டார். மாணவி இல்லையென்றான பிறகு ஹாலிலும் இடமில்லை.

இப்போது சொல்லுங்கள். வாக்கைக் காக்கப் போன சிந்துஜா, வழக்கத்தை மீறாத இர்ஃபான், சொன்னதைச் செய்த பேராசிரியர். இதில் தவறு யாருடையது?

விடை: பேராசிரியர் கெடு வைத்தே அனுப்பினார். இர்ஃபான் ஹாலுக்கு ஓடியிருக்கலாம்; அது தோன்றாததால் குற்றவாளி ஆகிவிட மாட்டான். செத்தவரிடம் போய் வாக்கிலிருந்து விடுதலை கேட்க முடியாது, ஆகவே சிந்துஜா போனது சரி. ஆனால் அந்தக் கையோடு வாக்கு முடிந்துவிட்டது. அடுத்த மேசைக்கு அவளை இழுத்துப்போனது அவளுடைய ஆசை. தவறு அவளுடையதுதான்; அவளும் மறுக்கவில்லை. ஆனால் சொல்லிக்கொடுக்க அப்படித் துடித்தவளை இனி எந்த மேசைக்கும் யாரும் கூப்பிடப்போவதில்லை. சரியான விடையைக் கண்டுபிடித்து அவளுக்கு என்ன ஆகப்போகிறது?