கொம்பையன் சொன்ன வணக்கம்

ஏரிக்கரைக் காட்டில் கொம்பையன் என்று ஒரு மிளா மான். மந்தைக்குக் காவல் அவன்தான். அவனுக்கு ஒரு சின்னப் பையன் உண்டு.

கொஞ்ச நாளாக அவன் மரங்களில் இடித்துக்கொண்டான். "இந்த மரத்துக்கு வேற இடமே கிடைக்கலையா?" என்று மரத்தைத் திட்டுவான்.

கரடி வைத்தியர் கண்ணைப் பார்த்தார். "நேரே நல்லாத் தெரியும். பக்கப் பார்வைதான் குறைஞ்சுக்கிட்டே வருது. வலிக்காது. போனது திரும்பாது. தினமும் இந்தச் சாறு விட்டா இருக்கறதைக் காப்பாத்தலாம்" என்றார்.

கொம்பையனுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. விஷயம் தெரிந்தால் காவல் வேலை போய்விடுமே! வைத்தியரிடம் போவதை யாராவது பார்த்துவிட்டால்? சாறும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று இருந்துவிட்டான்.

அந்த மந்தையில் ஒரு வழக்கம். பக்கத்தில் யார் வந்தாலும் காதை ஆட்டி நலம் விசாரிக்க வேண்டும். கொம்பையன் யாரையும் கவனிக்கவில்லை. "இவனுக்குத் தலைக்கனம் ஏறிப்போச்சு" என்றார்கள். குருடன் என்பதற்கு இது தேவலை என்று முதலில் சந்தோஷப்பட்டான். ஆனால் போகப்போக அவன் பக்கத்தில் நின்று புல் மேயக்கூட ஆள் இல்லை. மனசு வலித்தது.

உடனே ஒரு யோசனை செய்தான். பக்கத்தில் என்ன சத்தம் கேட்டாலும் வணக்கம்தான். புற்றுக்கு வணக்கம். புதருக்கு வணக்கம். ஒரு பட்டுப்போன வேலமரத்திடம் வெகுநேரம் குடும்ப க்ஷேமம் விசாரித்தான்.

ஒரு சாயங்காலம் வலப்பக்கம் சருகு சரசரத்தது. கொம்பையன் காதை ஆட்டினான். "வாங்க மாமா, சௌக்கியமா?"

வந்தது சிறுத்தை. அது திகைத்துப் போனது. பிறந்ததிலிருந்து அதை யாரும் மாமா என்று கூப்பிட்டதில்லை.

"சௌக்கியம் மாப்ளே" என்றது மெதுவாக.

"குரல் ஏன் கரகரன்னு இருக்கு?"

"ஜலதோஷம்."

நீங்கள் யார் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் கண் தெரியாதது வெளிப்பட்டுவிடுமே! அசடு வழியச் சிரித்து வைத்தான்.

"பையன் எங்கே?" என்றது சிறுத்தை.

"துறையில தண்ணி குடிக்கிறான். தனியாத்தான்."

"அப்படியா? போய்ப் பார்த்துட்டு வரேன்."

சிறுத்தை அவனைத் தாண்டி முன்னால் நடந்தது. நேர்ப்பார்வையில் விழுந்தது. மாமா உடம்பெல்லாம் புள்ளி!

கொம்பையன் காடே அதிரக் கத்தினான். குட்டி துள்ளி ஓடியது. சிறுத்தையின் வாயில் வால்மயிர் கொஞ்சம் மாட்டியதோடு சரி.

மந்தை மூச்சிரைக்க ஒன்றுசேர்ந்தது. கொம்பையன் தலையைத் தொங்கப் போட்டான். "எனக்குப் பக்கத்துல தெரியலை. நான்தான் அதுகிட்டப் பிள்ளை இருக்கற இடத்தைச் சொன்னேன்" என்று அழுதான்.

அவன் மனைவி மருதிக்குக் கோபம் பொங்கியது. "உங்களுக்கு என்கிட்டச் சொல்றதுக்கு என்ன வெட்கம்? நாளையிலிருந்து வலப்பக்கம் நான் நிக்கறேன். இடப்பக்கம் என் தங்கச்சி நிக்கட்டும். நேரே நீங்க பாருங்க" என்றாள்.

மறுநாள் எல்லாரும் பார்க்க வைத்தியரிடம் போனான். கரடி வைத்தியர் அவன் கண்ணில் சாறு விட்டார். "மறைச்சு வச்ச நாள்ல பார்வை இன்னும் கொஞ்சம் போயிடுச்சப்பா" என்றார்.  மருதி கொம்பையன் கழுத்தோடு கழுத்தைச் சேர்த்து நின்றாள்.

குறையை ஒளித்து வைப்பவன் அதோடு தனியாகத்தான் மாட்டிக்கொள்வான். வாய்விட்டுச் சொன்னவனுக்குத்தான் துணை வரும்.